நெளிவு ஸ்டீல் கேஸ் குழாய்: வீட்டு லைனை நீட்ட வாங்கலாமா?

மஞ்சள் உறை போர்த்திய, வளையம் வளையமாக நெளிந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய். சுருளாக வருகிறது, கையால் வளைகிறது, கரண்ட் ஒயரை இழுப்பது போலச் சுவருக்குள் இழுத்துவிடலாம். புது அடுப்புக்கோ வாட்டர் ஹீட்டருக்கோ துணி உலர்த்தும் மெஷினுக்கோ வீட்டு கேஸ் லைனை நீட்ட நினைப்பவர்கள் இப்போது முதலில் கேள்விப்படுவது இதைத்தான். தொழிலில் இதற்குப் பெயர் சிஎஸ்எஸ்டி. டிராக்பைப், கேஸ்டைட், வார்ட்ஃபிளெக்ஸ், ஹோம்ஃபிளெக்ஸ் என்று பல பெயர்களில் விற்கிறார்கள். 1980களில் ஜப்பானில், நிலநடுக்கத்தில் வீடு ஆடினாலும் கேஸ் லைன் உடையக் கூடாது என்பதற்காக வளர்ந்த சரக்கு இது. இரும்பு பைப்பின் மரை முறிந்துபோகும் இடத்தில் இது வளைந்து கொடுக்கும்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குழாய் நல்ல குழாய். சீக்கிரம் போட்டுவிடலாம் என்று விற்பவர் சொல்வதும் உண்மை. ஆனால் அந்த வேகம் குழாயைச் சுவருக்குள் ஓட்டும் நடுவேலைக்கு மட்டும்தான். அதற்கு முன்னால் வரும் அளவுக் கணக்கும், முனையை வெட்டிப் பொருத்துவதும், எர்த் கம்பியும், கடைசியில் பிரஷர் டெஸ்ட்டும் கறுப்பு இரும்பு பைப்பைவிட அதிகக் கவனம் கேட்கின்றன. அந்தக் கவனம் கொடுக்க முடியாத வேலைக்கு இதை வாங்கக் கூடாது.

கீழே வரும் எண்கள் அமெரிக்காவின் என்எஃப்பிஏ 54 என்ற எரிவாயு விதிநூலை ஒட்டியவை. குறைந்த அழுத்தத்தில் வரும் இயற்கை எரிவாயுவுக்கானவை. உள்ளூர் விதி இதைவிடக் கூடுதலாகக் கேட்டால் அதுதான் செல்லும். பெர்மிட் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும் என்று உள்ளூர் விதி சொன்னால் அவரிடமே கொடுங்கள். அப்படிக் கொடுத்தாலும் கணக்கை நீங்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அவர் எழுதித் தரும் பைப் அளவு சரியா என்று பார்க்க அது உதவும்.

அளவில்தான் முதல் சறுக்கல்

"பழைய லைன் முக்கால் இஞ்ச், அதிலிருந்து ஒரு அரை இஞ்ச் எடுத்துக்கொண்டால் போச்சு" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. இந்தக் குழாயைப் பொறுத்தவரை பெரும்பாலான புகார்களின் வேர் அந்தப் பேச்சுதான்.

வீட்டுக்குள் வரும் எரிவாயுவின் அழுத்தம் மிகக் குறைவு. 7 அங்குல நீர்மட்டம் (7 அங்குல உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம்), அதாவது கால் பிஎஸ்ஐ. மிதிவண்டி டயரில் இருக்கும் காற்றோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அந்தக் கொஞ்சத்தில் வழியில் இழக்க அனுமதி அரை அங்குலம்தான். குழாய் நீண்டால் இழப்பு கூடும், வளைவு கூடினாலும் கூடும். உள்சுவர் நெளிந்திருந்தால் அது இன்னும் மோசமாகும். நெளிவுக் குழாயின் வளைந்து கொடுக்கும் குணமும் அதன் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஒவ்வொரு நெளிவும் ஓடும் வாயுவைத் தடுக்கிறது.

எவ்வளவு தடுக்கிறது என்று எண்ணில் பார்க்கலாம். 50 அடி நீளத்தில் அரை இஞ்ச் கறுப்பு இரும்பு பைப் மணிக்கு 72 கன அடி கொடுக்கும். அதே 50 அடியில், அரை இஞ்ச் என்று பெயர் போட்ட நெளிவுக் குழாய் 37 முதல் 42 கன அடிதான் கொடுக்கும். கிட்டத்தட்டப் பாதி. முக்கால் இஞ்ச் நெளிவுக் குழாய்க்குப் போனால் 75 கிடைக்கும். ஆக, இரும்பில் அரை இஞ்ச் போதும் என்ற இடத்தில் இதில் முக்கால் வேண்டும். சுருளை வாங்கும் முன் மனதில் இருத்த வேண்டிய கணக்கு இதுதான்.

அந்த 37க்கும் 42க்கும் நடுவில் உள்ள வித்தியாசம் எங்கிருந்து வந்தது? எல்லாத் தயாரிப்பாளரின் "அரை இஞ்ச்" குழாயும் உள்ளே ஒரே அளவு கிடையாது. வாயு ஓட உள்ளே எவ்வளவு வழி இருக்கிறது என்று காட்டும் ஈஎச்டி என்ற எண் குழாயின் உறையிலேயே அச்சிட்டிருக்கும். அரை இஞ்சில் அது 18 ஆகவும் இருக்கும், 19 ஆகவும் இருக்கும். முக்காலில் 23 அல்லது 25. விதிநூலில் உள்ள குழாய் அளவு அட்டவணையைப் படிக்க இந்த எண்தான் வேண்டும், இஞ்ச் கணக்கு அங்கே உதவாது. கடையில் சுருளைத் திருப்பி உறையில் ஈஎச்டி என்ன போட்டிருக்கிறது என்று பார்த்த பிறகே அளவை முடிவு செய்யுங்கள்.

இப்போது ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மீட்டரிலிருந்து 20 அடியில் வாட்டர் ஹீட்டர், மணிக்கு 40,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு). 30 அடியில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், 80,000 பிடியு. இயற்கை எரிவாயுவில் ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 1,000 பிடியு கிடைக்கும் என்று வைத்தால், இரண்டுக்கும் சேர்த்து 120 கன அடி வேண்டும். பிரதான பைப் முக்கால் இஞ்ச் இரும்பு. அட்டவணையின் 30 அடி வரிசையில் அது 199 கொடுக்கும். தேவை 120, கொடுப்பது 199. லைனில் இன்னும் 79 மிச்சம் இருப்பது போலத் தெரிகிறது. புது அடுப்பு 65,000 பிடியு, 65 கன அடி. 79ல் 65 அடங்கிவிடுமே என்றுதான் பலரும் நினைப்பார்கள்.

அடங்காது. கணக்கு போட மிக நீண்ட தூரத்தை எடுக்க வேண்டும் என்பது விதி. மீட்டரிலிருந்து கடைசிச் சாதனம் வரையுள்ள தூரம் எதுவோ, அந்த ஒரே வரிசையில்தான் பைப்பின் எல்லாத் துண்டுகளையும் பார்க்க வேண்டும். அடுப்பு 50 அடியில் வந்து உட்கார்ந்ததும் வீடு முழுவதும் 50 அடி வரிசைக்கு மாறிவிடுகிறது. அந்த வரிசையில் முக்கால் இஞ்ச் இரும்பு 151தான் கொடுக்கும். தேவையோ 185. ஒரே சாதனத்தைச் சேர்த்ததில் தேவை ஏறியது, கொடுக்கும் திறனும் இறங்கியது. இந்த இரட்டை அடி தெரியாமல் போட்ட லைனில் என்ன ஆகும்? அடுப்பு மட்டும் எரியும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். குளிர்காலக் காலையில் ஃபர்னஸும் வாட்டர் ஹீட்டரும் அடுப்பும் ஒன்றாக ஓடும்போதுதான் சுடர் சுருங்கும், ஃபர்னஸ் பற்றவைத்துப் பற்றவைத்து அணையும். பழுது பார்க்க வருபவர் ஃபர்னஸைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். கோளாறு பைப்பில் இருக்கும்.

இந்த வீட்டுக்கு நெளிவுக் குழாய் நல்ல வழி ஒன்றைக் கொடுக்கிறது. பழைய பைப்பின் நடுவில் கை வைக்காமல், மீட்டருக்கு அருகிலேயே ஒரு டீ (T வடிவ மூன்று வாய் இணைப்பு) போட்டு, அங்கிருந்து அடுப்புக்குத் தனியாக ஒரு ஓட்டம் எடுக்கலாம். 50 அடிக்கு ஈஎச்டி 23 குழாய் 75 கொடுக்கும், தேவை 65. பழைய பைப்பில் 120 மட்டும் ஓடும், அது 50 அடி வரிசையிலும் 151க்குள் அடங்கும். மீட்டருக்கும் அந்த டீக்கும் நடுவில் உள்ள குட்டைத் துண்டு மட்டும் 185 முழுவதையும் சுமக்கும். அது ஒரு சாண் நீளமே இருந்தாலும் 1 இஞ்சாக இருக்க வேண்டும். 50 அடி வரிசையில் 1 இஞ்ச் இரும்பு 284 கொடுக்கும். இந்தத் துண்டை முக்காலாகவே விட்டுவிடுவது நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு.

வளைவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நெளிவுக் குழாய் அட்டவணை நான்கு வளைவுகளையும் இரண்டு முனைப் பொருத்திகளையும் ஏற்கெனவே கழித்துத்தான் எண் கொடுத்திருக்கிறது. அதற்கு மேல் வரும் ஒவ்வொன்றுக்கும் 1.3 அடி கூட்டுங்கள். மேலே சொன்ன ஓட்டத்தில் ஆறு வளைவு கூடுதலாக வந்தால் 7.8 அடி கூடும், 60 அடி வரிசைக்குப் போக வேண்டும். அங்கே ஈஎச்டி 23 கொடுப்பது 68. தேவை 65, தப்பித்தது. 70 அடி ஆகிவிட்டால் 63தான். அப்போது ஈஎச்டி 25 வேண்டும், அல்லது வேறு வழியில் குழாயை ஓட்ட வேண்டும். கையால் வளைகிறதே என்று பாம்பு போல வளைத்து வளைத்துக் கொண்டுபோனால் இந்த இடத்தில்தான் விலை கொடுக்க வேண்டிவரும்.

மீட்டரையும் ஒரு பார்வை பாருங்கள். சாதாரண வீட்டு மீட்டர்கள் பல மணிக்கு 250 கன அடி வகை. தொட்டி இல்லாத உடனடி வாட்டர் ஹீட்டர் ஒன்றே 199,000 பிடியு கேட்கும். அதை ஃபர்னஸோடும் அடுப்போடும் சேர்த்தால் மீட்டரைத் தாண்டிவிடும். எரிவாயு நிறுவனத்திடம் புது மொத்தத் தேவையை எழுதிக் கொடுத்து மீட்டரை மாற்றச் சொல்ல வேண்டும். சுவரைத் திறப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

சிலிண்டர் புரொப்பேன் உள்ளவர்களுக்கு வேறு அட்டவணை. அதன் அழுத்தம் 11 அங்குலம், ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 2,500 பிடியு. இயற்கை எரிவாயுவின் எண்களை அதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

முனையை வெட்டுவது

இந்தச் சரக்கின் உயிர் பொருத்தியில் இருக்கிறது. இரும்பு பைப்பில் மரை சுமாராக இருந்தாலும் பைப் டோப் என்ற அடைப்புப் பசை ஓரளவு காப்பாற்றிவிடும். இதில் உலோகம் உலோகத்தின் மேல் உட்கார்ந்துதான் அடைக்கிறது, நடுவில் வேறு எதுவும் கிடையாது. வெட்டு கோணலானால் கசியும். அவ்வளவுதான்.

சக்கரம் கூர்மையான ட்யூப் கட்டரை எடுங்கள். செப்புக் குழாயை ஆண்டுக்கணக்கில் வெட்டி மழுங்கிய சக்கரம் ஆகாது. மழுங்கிய சக்கரம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை வெட்டுவதற்குப் பதில் தேய்த்துத் தேய்த்து இறுக்கிவிடும். பிறகு அந்த விளிம்பு வளைய மறுத்துக் கிழியும். நெளிவில் மேடும் பள்ளமும் மாறி மாறி வருமல்லவா, சக்கரம் பள்ளத்தில் உட்கார வேண்டும். ஒரே திசையில் முழுச் சுற்றாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் திருகைக் கொஞ்சமே இறுக்குங்கள். அவசரப்பட்டு இறுக்கினால் குழாயின் வாய் வட்டம் குலைந்து முட்டை வடிவமாகும். கண்ணுக்குத் தெரியாத அளவு குலைந்தாலும் பொருத்தி கண்டுபிடித்துவிடும்.

வெட்டிய பிறகு உறையைக் கத்தியால் உரிக்க வேண்டும். ஆழமாக வெட்டி உலோகத்தில் கீறல் போடக் கூடாது. பரவலாக உள்ள ஒரு வகைப் பொருத்தியில் அடுத்த வேலை இப்படி: நட்டைக் குழாயில் நுழைத்துப் பின்னே தள்ளுங்கள். இரண்டு பாதியாக வரும் வளையத்தை, முனையில் ஒரே ஒரு மேட்டை வெளியே விட்டு, அடுத்த பள்ளத்தில் பொருத்துங்கள். நட்டை அதன் மேல் இழுத்து, பித்தளை உடலில் திருகி இறுக்குங்கள். இறுகும்போதே வெளியே நின்ற அந்த ஒரு மேடு நசுங்கி மடிந்து, அடைப்பு வளையமாக மாறுகிறது. அழகான வேலைப்பாடு. ஆனால் ஒரு மேட்டுக்குப் பதில் இரண்டை வெளியே விட்டாலோ, உறையின் துணுக்கு ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டாலோ சரியாக அடைக்காது. சந்தேகம் வந்தால் அவிழ்த்து மறுபடி இறுக்கிப் பார்க்காமல், முனையை வெட்டிப் போட்டுவிட்டுப் புது முனையில் தொடங்குங்கள். அதற்காகவே இரு புறமும் அரை அடியாவது கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும்.

இந்த அடைப்பு முகத்தில் டேப்போ டோப்போ தடவக் கூடாது. எதிர்முனையில் இரும்பு மரையோடு சேரும் பக்கத்துக்கு மட்டும்தான் அது. அங்கே எரிவாயுவுக்கென்று குறித்த டோப்பை ஆண் மரையில், முதல் இரண்டு மரையை விட்டுத் தடவுங்கள். முதல் மரையிலேயே தடவினால் அது உள்ளே பிதுங்கி, ஒரு நாள் வால்வில் போய் உட்காரும். இரும்பை இறுக்கும்போது எல்போவின் வாய் வேண்டிய திசையைத் தாண்டிப் போய்விட்டால், பின்னோக்கித் திருப்பிச் சரிசெய்ய நினைக்காதீர்கள். முன்னோக்கியே இன்னொரு சுற்று போக முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் கழற்றி, துடைத்து, புதிதாகத் தடவி மறுபடி பொருத்துங்கள்.

இந்தப் பகுதியில் தயாரிப்பாளர்களிடம் எங்களுக்கு ஒரு குறை உண்டு. ஒருவர் குழாயில் இன்னொருவர் பொருத்தி சேராது. மரையில் ஏறினாலும், கையில் இறுகினது போலத் தோன்றினாலும் சேராது. குழாய், பொருத்தி, மானிஃபோல்டு (ஒரு லைனைப் பல கிளையாகப் பிரிக்கும் துண்டு), காப்புத் தகடு எல்லாம் ஒரே அமைப்பாகச் சோதிக்கப்பட்டுச் சான்று பெற்றவை. ஒரே வீட்டில் பத்து வருடம் கழித்து லைனை நீட்ட வருபவர் பழைய குழாய் யாருடையது என்று உறையைப் படித்துத் தேட வேண்டியிருக்கிறது. இரண்டு அமைப்பையும் சேர்க்க வேண்டிவந்தால் நடுவில் ஒரு இரும்பு மரைத் துண்டைப் போட்டுச் சேருங்கள். தயாரிப்பாளரின் பயிற்சிச் சான்று உள்ளவர்தான் இதைப் பொருத்த வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அது நியாயமான நிபந்தனை.

சுவருக்குள்

நெளிவுக் குழாயின் சுவர் கால் மில்லிமீட்டர் அளவுதான். அரை இஞ்ச் இரும்பு பைப்பின் சுவர் 2.8 மில்லிமீட்டர். பத்து மடங்கு வித்தியாசம். படம் மாட்ட அடிக்கும் ஆணி இரும்பில் பட்டால் வழுக்கும், இதில் துளைக்கும். சுவரின் மரச் சட்டங்களை ஊடுருவும் இடங்களில் தயாரிப்பாளரின் கடினத் தகட்டைக் கட்டாயம் வையுங்கள். மின்வேலைக்காரர் வைக்கும் மெல்லிய தகடு இதற்குப் போதாது. தகடு வைக்காத வெற்றிடங்களில் குழாய் கொஞ்சம் தளர்வாகத் தொங்கட்டும். ஆணி வந்து முட்டினால் விலகிப் போக இடம் இருக்க வேண்டும். சுவரோடு இறுக்கிக் கட்டிய குழாய் விலகாது, குத்து வாங்கும்.

டிராக்பைப் கையேடு அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் குழாய்களுக்கு 3 அங்குல வளைவு ஆரத்தைப் பரிந்துரைக்கிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்து நிமிர்த்தாதீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் களைத்து விரிசல் விடும்.

யூனியனை, அதாவது கழற்றி மாட்டும் இணைப்பை, சுவருக்குள் மறைக்கக் கூடாது. பைப் அளவைக் குறைக்கும் புஷிங்கும் அப்படியே. நெளிவுக் குழாயின் பொருத்தி மறைவிடத்துக்கென்று சான்று பெற்றிருந்தால் மறைக்கலாம். ஆனாலும் இடையில் இணைப்பே இல்லாமல் ஒரே ஓட்டமாகக் கொண்டுபோக முடிந்தால் அதைத்தான் செய்ய வேண்டும். இந்தக் குழாயின் மிகப் பெரிய பலன் அது. 50 அடி இரும்பு லைனில் சுவருக்குள் பத்துப் பன்னிரண்டு மரை மூட்டுகள் வந்துவிடும், இதில் இரண்டே முனை. அந்த ஒரு காரணத்துக்காகவே பல வீடுகளில் எங்கள் ஓட்டு இதற்கு.

குளோரைடு உள்ள எதையும் அருகில் விடாதீர்கள். செங்கல் கழுவும் அமிலம், ப்ளீச், சிலவகைப் பாத்திரச் சோப்பு எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். உறை உரிந்த இடங்களுக்கு, முக்கியமாக வெளிப்புறத்திலும் ஈரமான இடத்திலும், தயாரிப்பாளர் சொல்லும் டேப்பைச் சுற்றுங்கள்.

எர்த் கம்பி: விட்டுவிடவே கூடாதது

மின்னல் அருகில் விழும்போது வீட்டின் உலோகங்களுக்கு நடுவே மின்னழுத்த வேறுபாடு உண்டாகும். நெளிவுக் குழாயும் பக்கத்தில் ஓடும் வேறொரு உலோகமும் வெவ்வேறு அழுத்தத்தில் இருந்தால் நடுவில் பொறி பாயும். 2.8 மில்லிமீட்டர் இரும்பு அதைத் தாங்கிவிடும். கால் மில்லிமீட்டர் சுவரில் ஊசித் துளை விழும், அதன் வழியே வரும் வாயு அதே பொறியில் பற்றும். மின்னலுக்குப் பின் இப்படிப் பற்றிய தீ விபத்துகள் உண்மையிலேயே நடந்திருக்கின்றன. 2009 பதிப்பிலிருந்து என்எஃப்பிஏ 54 இந்தக் குழாய்க்குத் தனி எர்த் இணைப்பைக் கட்டாயமாக்கியது அதனால்தான்.

மஞ்சள் உறைக் குழாய்க்கு வேண்டியது 6 ஏடபிள்யுஜி (அமெரிக்கக் கம்பித் தடிமன் எண்) அல்லது அதைவிடத் தடித்த செப்புக் கம்பி, வீட்டின் எர்த் அமைப்போடு நேராகச் சேர வேண்டும், நீளம் 75 அடிக்குள். கிளாம்ப் பிடிக்கும் இடம் இரும்பு பைப்பாகவோ மானிஃபோல்டாகவோ பித்தளைப் பொருத்தியாகவோ இருக்க வேண்டும். நெளிவுக் குழாயின் மேலேயே கிளாம்ப் போடுவது தவறு, அது குழாயை நசுக்கும். பெயிண்ட் அடித்த பைப்பானால் பிடிக்கும் இடத்தைச் சுரண்டி உலோகம் தெரியவிடுங்கள். அடுப்பின் பிளக்கில் எர்த் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. அது அடுப்பில் மின்கசிவு வந்தால் காக்க வந்தது.

கறுப்பு உறையில் வரும் கவுண்டர்ஸ்டிரைக், ஃபிளாஷ்ஷீல்டு வகைகள் இந்தப் பொறியைத் தாங்குவதற்கென்றே செய்தவை. முன்னதில் உறையே மின்சாரத்தைக் கடத்தும், பின்னதில் உறைக்கு அடியில் ஓர் உலோக அடுக்கு இருக்கும். மஞ்சள், கறுப்பு இரண்டும் கிடைக்கும் இடத்தில் கறுப்பையே எடுங்கள் என்பது எங்கள் பரிந்துரை. அதையும் எப்படி எர்த் செய்வது என்பதற்குத் தயாரிப்பாளரின் கையேட்டையும் உள்ளூர் இன்ஸ்பெக்டரையும் கேளுங்கள்.

சாதனத்தின் வாசலில்

நெளிவுக் குழாயைக் கொண்டுபோய் நேராக அடுப்பின் பின்னால் திருகிவிடக் கூடாது. அடுப்பை இழுத்துத் துடைக்கும் ஒவ்வொரு முறையும் அது மடங்கும், அதற்காகச் செய்தது அல்ல அது. சுவரில் பதித்த தகட்டுப் பொருத்தியில் குழாய் முடிய வேண்டும். அதன் மேல் வால்வு, வால்வுக்குப் பிறகு சாதன இணைப்புக் குழாய். வால்வு சாதனத்திலிருந்து 6 அடிக்குள், அதே அறையில், கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இணைப்புக் குழாய் ஒரே துண்டாக, 6 அடிக்கு மேல் போகாமல், சுவரையோ தரையையோ ஊடுருவாமல் இருக்க வேண்டும். பழைய அடுப்பிலிருந்து கழற்றிய இணைப்புக் குழாயைத் தூக்கி எறியுங்கள். ஒருமுறை வளைந்து உட்கார்ந்ததை இன்னொரு சாதனத்துக்கு நம்ப முடியாது. அதன் கூம்பு முனையிலும் டோப் தடவ வேண்டாம்.

வாட்டர் ஹீட்டரும் ஃபர்னஸும் ஆனால் அழுக்குப் பொறி வேண்டும். ஒரு டீயும், கீழே தொங்கும் 3 அங்குல நிப்பிளும் (இரு முனையிலும் மரை உள்ள குட்டைப் பைப்), மூடியும். வாயு மேலிருந்து இறங்கி டீயில் பக்கவாட்டில் திரும்பிச் சாதனத்துக்குள் போக வேண்டும், துருவும் உலோகத் தூளும் நேரே கீழே விழ வேண்டும். டீயைப் படுக்கையாக வைத்து, வாயு நேராக ஓடும்படி விட்டு, பக்கத்தில் ஒரு நிப்பிளைத் தொங்கவிட்டிருப்பதை நிறையப் பார்க்கலாம். பார்க்க அழுக்குப் பொறி மாதிரியே இருக்கும், ஒன்றையும் பிடிக்காது. அடுப்புக்கும் துணி உலர்த்தும் மெஷினுக்கும் இந்தப் பொறி தேவையில்லை என்று விதி விலக்கு தருகிறது.

பிரஷர் டெஸ்ட்

சுவரை மூடுமுன் செய்ய வேண்டும், இன்ஸ்பெக்டர் பார்த்த பிறகே மூட வேண்டும்.

விதி கேட்பது ஓடும் அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு, ஆனால் 3 பிஎஸ்ஐக்குக் குறையாமல். ஒரு வீட்டுக்குக் குறைந்தது 10 நிமிடம். பல ஊர்களில் 10, 15 பிஎஸ்ஐ கூடக் கேட்பார்கள். காற்றோ நைட்ரஜனோ ஏற்றலாம். ஆக்சிஜன் ஒருபோதும் கூடாது.

அழுத்தம் காட்டும் கேஜில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 3 பிஎஸ்ஐ டெஸ்ட்டுக்கு 100 வரை காட்டும் கேஜை மாட்டினால், முள் அடிமட்டத்தில் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும். கால் பிஎஸ்ஐ இறங்கினாலும் கண்ணில் படாது. கேஜின் உச்ச எண் டெஸ்ட் அழுத்தத்தின் ஐந்து மடங்குக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. 3க்கு 15 வரை காட்டும் கேஜ். 10க்கு 50 வரை போகலாம்.

சாதனங்களை வால்வால் மூடிவிட்டு டெஸ்ட் செய்யாதீர்கள். கழற்றிவிட்டு மூடி போடுங்கள். அடுப்பின் உள்வால்வும் ரெகுலேட்டரும் அரை பிஎஸ்ஐக்கு மேல் தாங்கச் செய்தவை அல்ல. மூடிய வால்வின் வழியே அழுத்தம் மெல்ல நுழைந்தாலே அவை பாழாகும். அப்படி நுழையும்போது கேஜும் இறங்கும், இல்லாத கசிவைத் தேடி லைன் முழுவதும் சோப்பு நீர் தடவ நேரிடும்.

பம்ப் அடித்ததும் முள் கொஞ்சம் இறங்குவது இயல்பு, சூடான காற்று ஆறுகிறது. ஆறவிட்டுப் பிறகு நேரத்தைக் குறியுங்கள். 15 பிஎஸ்ஐ ஏற்றிய லைனில் 10 டிகிரி ஃபாரன்ஹீட் மாறினாலே அரை பிஎஸ்ஐ அளவு மாறும். வெயில் படும் வெளிப்பைப்பில் மேகம் மூடினால் முள் இறங்கும், கசிவு என்று பதற வேண்டாம். வெயில் வந்ததும் ஏறினால் காரணம் அதுவே. ஏறாமல் ஒரே சீராக இறங்கிக்கொண்டே போனால் கசிவுதான்.

கசிவைத் தேட அதற்கென்று விற்கும் திரவத்தையே வாங்குங்கள். பித்தளையையும் ஸ்டெயின்லெஸ்ஸையும் அரிக்காத வகை அது. குமிழி உடனே வரும் என்று நினைக்காதீர்கள். மெல்லிய கசிவில் வெள்ளை நுரையாக, கடுகளவில், ஒரு நிமிடம் கழித்துத்தான் கட்டும். தீக்குச்சியால் சோதிப்பதை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

வாயுவைத் திறந்த பிறகு, டெஸ்டில் இல்லாத மூட்டுகளை, அதாவது வால்வுக்கும் சாதனத்துக்கும் நடுவில் உள்ளவற்றை, மறுபடி திரவம் தடவிப் பாருங்கள். எல்லாச் சாதனத்தையும் அணைத்துவிட்டு மீட்டரின் சிறிய டயலைப் பத்து நிமிடம் கவனியுங்கள், அசையக் கூடாது. பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றி, அடுப்பின் வாசலில் குறைந்த அழுத்தத்தை அளக்கும் மானோமீட்டரை மாட்டுங்கள். மீட்டர் பக்கம் 7 அங்குலம் இருந்தால் இங்கே ஆறரைக்குக் கீழே போகக் கூடாது. போனால் அட்டவணையைத் திறந்து, மீட்டருக்கும் டீக்கும் நடுவில் உள்ள அந்தக் குட்டைத் துண்டிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.

யாருக்கு எது

பழைய வீடு, மூடிய சுவர், நீண்ட வளைந்த வழி என்றால் கறுப்பு உறை நெளிவுக் குழாய். அடித்தள அறையில் கண்ணுக்குத் தெரியும்படி நேராக ஓடும் 10, 15 அடிக்குக் கறுப்பு இரும்பே போதும். அதே இஞ்சில் அதிக வாயு கொடுக்கும், ஆணிக்கும் மின்னலுக்கும் அஞ்ச வேண்டாம், எந்தக் கடையின் பொருத்தியும் சேரும். அரை இஞ்சுக்கு 6 அடிக்கு ஒன்று, முக்காலுக்கும் 1 இஞ்சுக்கும் 8 அடிக்கு ஒன்று என்று தாங்கி கொடுத்தால் அசையாது. பெரும்பாலான வீடுகளில் எங்களுக்குப் பிடித்த அமைப்பு இரண்டும் கலந்ததுதான். மீட்டரிலிருந்து 1 இஞ்ச் இரும்பு, ஒரு மானிஃபோல்டு, அங்கிருந்து ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித்தனி நெளிவுக் குழாய்.

வேலை முடிந்ததும் லைனின் வரைபடம் ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு துண்டின் நீளம், ஈஎச்டி, பிடியு, தயாரிப்பாளர் பெயர் எழுதி, நெகிழி உறையில் போட்டு மீட்டர் அருகில் உள்சுவரில் மாட்டிவிடுங்கள். அடுத்த சாதனத்தைச் சேர்க்க வருபவர் முதலில் கேட்கப்போவது அந்த நான்கு விவரத்தையும்தான்.